முப்பத்திரண்டு பெயரும் ஒரு மூட்டைக் கம்பளியும்

மார்கழி மாதத்தில், ஊரின் முக்கியப் பிரமுகர்கள் இருபத்திரண்டு பேரை ஒரே மேடையில் உட்காரவைத்து வியர்க்க வியர்க்கக் கம்பளி போர்த்திய பெருமை எனக்கு உண்டு. செஞ்சியில் இந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. முறியடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நானும் என் வீட்டுக்காரர் சேகரும் செஞ்சியில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறோம். டிசைன் நான், பிரிண்டிங் அவர். பேனர் ஓரத்தில் கயிறு கட்ட ஓட்டை போட்டு வளையம் அடிப்பது என் அம்மா. இருபது வருடம் கழனியில் நாற்று நட்ட கை அது. இப்போது ஊர்த் தலைவர்களின் தலைக்கு மேலே ‘டக் டக்’ என்று வளையம் அடிக்கிறது. (இதில் அம்மாவுக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. வெளியில் சொல்லமாட்டார்.)

ஃப்ளெக்ஸ் கடைக்காரிக்கு ஊரைப்பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். யார் படம் பெரிதாக வரவேண்டும், யார் பக்கத்தில் யார் படம் வரக்கூடாது, யாருக்கு ‘அண்ணன்’, யாருக்கு ‘ஐயா’, எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த ஞானம்தான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருடம் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட பிறகு ஒருநாள் காலையில் கடைக்கு ஒரு பெண் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். இடுப்பில் மூன்று மாதக் கைக்குழந்தை. பெயர் செல்வி. வீணாய்ப்போன பேனர் இருந்தால் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். எங்களிடம் அதற்கு ஆள் வருவது வழக்கம்தான். வைக்கோல் போர் மூட, ஆட்டுக் கொட்டகைக்கு மறைப்புக் கட்ட என்று வாங்கிப்போவார்கள். அம்மாதான் எதற்கென்று கேட்டார். மழையில் அவர்கள் குடிசைகள் விழுந்துவிட்டதாகவும், நாற்பது குடும்பம் ஏரிக்கரைமேல் தார்ப்பாய் கட்டி இருப்பதாகவும், ஆம்பளைகள் கரும்பு வெட்டப் போயிருப்பதாகவும் சொன்னாள். விடிகாலையில் பனி இறங்குகிறதாம். குழந்தை இருமிக்கொண்டே இருக்கிறதாம். பேனரை மேலே போர்த்தினால் பனி படாது என்று யாரோ சொன்னார்களாம்.

“பேனரு நனையாதும்மா. ஆனா சூடு குடுக்காது” என்றார் அம்மா.

குழந்தை ஒருமுறை இருமியது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய இருமல் எப்படி வருகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒரு காதுகுத்து பேனரை மடித்துக் கொடுத்தேன். அவள் போனபிறகு அம்மா வளையம் அடிப்பதை நிறுத்திவிட்டு, மார்கழியில் சேற்றில் இறங்கி நாற்று நடும்போது கால் மரத்துப்போவதைப்பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். எனக்கு அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே ஏரிக்கரைக்குப் போய், “ஞாயித்துக்கெழம உங்க எல்லாருக்கும் கம்பளி வந்துடும்” என்று செல்வியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கையில் ஒரு கைக்குட்டைகூட இல்லாத நிலையில்.

முதலில் ஊராரிடம் குளிர்கால உடைகள் கேட்டேன். செஞ்சியில் ஸ்வெட்டர் கேட்பது சித்திரையில் பனிக்கட்டி கேட்பது மாதிரி என்று அப்போதுதான் புரிந்தது. இந்த ஊரில் பத்து மாதம் மலைப்பாறை கொதிக்கும். மிச்ச இரண்டு மாதத்துக்காக யார் ஸ்வெட்டர் வாங்குவார்கள்? வந்து சேர்ந்தவை இவை: ஊட்டிக்குச் சுற்றுலா போனவர் வாங்கிவந்த குரங்குக் குல்லாய் ஆறு, ஒற்றைக்கால் சாக்ஸ் பல, கான்வென்ட் பள்ளி டை ஒரு கட்டு, யாரோ மாப்பிள்ளை வரவேற்புக்குப் போட்ட நீலக் கோட்டு ஒன்று. அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்த என் வீட்டுக்காரர் கழற்ற மனமில்லாமல் மத்தியானம்வரை பிரிண்டிங் மெஷின்முன் நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் கைகொடுத்தவர் எங்கள் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஏரிக்கரைக் கதையைக் கேட்டதும் உள்ளே போய், நாற்பது கம்பளிப் போர்வைகளை எடுத்து அடுக்கிவிட்டார். சிவப்பில் கறுப்புக் கோடு போட்டது. கையில் எடுத்தாலே சூடு தெரியும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “பேரு கீரு போட்டன்னா குடுக்கமாட்டேன், சொல்ட்டேன்.”

கம்பளி கிடைத்தாகிவிட்டது. ஆட்டோவில் போட்டு ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. அம்மா அதைத்தான் சொன்னார். ஆனால் எனக்குள் இருந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரி விடவில்லை. கம்பளி மட்டும் போதுமா, அரிசி வேண்டாமா, பாய் வேண்டாமா? ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு ஒரு விழா வைத்தால் அடுத்தடுத்து உதவி குவியுமே என்று கணக்குப் போட்டேன். (அது ஒரு பாதிதான். மைக் பிடித்துப் பேச எனக்குப் பத்து வருடமாக ஆசை. அது மறுபாதி.)

இருபதடி அகலத்தில் பேனர் அடித்தேன். வியாபாரிகள், அரிசி ஆலைக்காரர்கள், கல்யாண மண்டபக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, காலை நடைப்பயிற்சிக் குழு என்று ஒரு தரப்பும் விடுபடாமல் முப்பத்திரண்டு பேர் படம், பெயர், பட்டம். எங்கள் பக்கத்தில் பேனரில் பெயர் போட்டால் மேடையில் நாற்காலி போடவேண்டும். நாற்காலி போட்டால் பொன்னாடை போர்த்தவேண்டும். இது எழுதாத சட்டம். ஆனால் முப்பத்திரண்டு பேர் பெயர் போட்டால் எட்டுப் பேர்தான் வருவார்கள் என்பது அனுபவம். அன்றைக்கே நாலு கல்யாணம், ரெண்டு கிரகப்பிரவேசம், ஒரு மஞ்சள் நீராட்டு இருக்கும். பாவம், அவர்களும் எத்தனை இடத்துக்குத்தான் போவார்கள்? எதற்கும் இருக்கட்டும் என்று தாராளமாகப் பத்துப் பொன்னாடை வாங்கினேன்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. காதுகுத்து கிடையாது. கிரகப்பிரவேசம் கிடையாது. ஊர்ப் பிரமுகர்கள் அத்தனை பேரும் ஒரு மேடைகூட ஏறாமல், இரண்டு வாரமாகக் கைகால் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இது எனக்கு உறைக்கவே இல்லை. அதே மார்கழியால்தான் கல்யாண மண்டபம் இலவசமாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, அதற்குமேல் என் மூளை ஓரடிகூட நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. ஒன்பதே முக்காலுக்கே முப்பத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிலர் சென்ட்டும் போட்டிருந்தார்கள். எதிரே கீழே நாற்காலிகளில் ஏரிக்கரைக் குடும்பங்களிலிருந்து வீட்டுக்கு ஒருவராக நாற்பது பேர், கையில் நான் கொடுத்த டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் செல்வி, மடியில் குழந்தை. மூன்றாவது வரிசையில் அம்மா.

மேடை ஏறுவதற்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கட்டளை போட்டேன். நான் பெயர் படிப்பேன், நீங்கள் போர்த்துங்கள், நடுவில் என்னிடம் வந்து ஒன்றும் கேட்காதீர்கள் என்று. அவர் சொன்ன சொல் தட்டாதவர். எங்கள் இருபது வருடக் குடும்ப வாழ்க்கையின் பலமும் ஆபத்தும் அதுதான்.

மைக் மேடையின் விளிம்பில் இருந்தது. ஜனங்களைப் பார்த்து நின்றால் பிரமுகர்கள் முதுகுக்குப் பின்னால். நான் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இரண்டு வரி அடைமொழி. ‘ஏழைகளின் விடிவெள்ளி’, ‘கொடுத்துச் சிவந்த கரம்’. பேனரில் இடமில்லாமல் விட்ட பட்டங்களையெல்லாம் மைக்கில் இறக்கினேன். பத்தாவது பெயரைத் தாண்டியபோது கீழே இருந்தவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. என் தமிழ் அவர்களை அசைக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அம்மா மூன்றாவது வரிசையிலிருந்து கையைக் கையை ஆட்டினார். புடவை மடிப்பு சரியில்லை என்கிறார்போல என்று நினைத்து, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு இன்னும் கம்பீரமாகப் படித்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அதையும் பார்த்தேன். திருஷ்டி கழிக்கிறார் என்று நினைத்தேன். (இதற்குமேல் நான் என்ன சொல்ல?)

முப்பத்திரண்டாவது பெயரைப் படித்து முடித்து, கைதட்டலுக்காகத் திரும்பினேன்.

முன்வரிசையில் பத்துப் பேர் பளபளக்கும் பொன்னாடையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு வரிசையில் சிவப்பில் கறுப்புக் கோடு போட்ட கம்பளிக்குள் பிரமுகர்கள் கழுத்துவரை புதைந்திருந்தார்கள். பனிக்காலம்தானே என்று மண்டபக்காரர் மேடை ஃபேனை வேறு நிறுத்திவைத்திருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டுகிறது. ஆனாலும் ஒருவர்கூட எடுக்கவில்லை. போர்த்தியதை அப்பொழுதே எடுப்பது மரியாதைக் குறைவல்லவா? அரிசி ஆலைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து மனம் நெகிழ்ந்து சொன்னார். “எத்தினியோ மேட பாத்துட்டேம்மா. இந்த மாதிரி கனமா யாருமே போத்தினதில்ல.”

முன்வரிசை நடுவில் இருந்த தலைமை விருந்தினர் முகம் சுருங்கிப்போயிருந்தது. பின்னால் இருப்பவர்களுக்கெல்லாம் கனமான சால்வை, தலைமை தாங்கும் தனக்கு மட்டும் கொசுவலை மாதிரி ஒன்று. “எனக்கு மட்டும் இன்னாம்மா மெல்லிசா?” என்று கேட்டேவிட்டார். என் வீட்டுக்காரர் உடனே மூட்டைப்பக்கம் குனிந்தார். பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். இன்னா காரியம் பண்ணிட்டீங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“நீ படிச்ச, நான் போத்தனேன்” என்றார்.

பொன்னாடை தீர்ந்ததும் என்னைப் பார்த்தாராம். நான் நிறுத்தாமல் படித்துக்கொண்டிருந்தேனாம். நடுவில் கேட்கக்கூடாது என்று உத்தரவு வேறு. பக்கத்தில் மூட்டை இருந்தது. போர்த்துவதற்குத்தானே கம்பளி? அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மூட்டையில் மிச்சமிருந்தவை பதினெட்டு. கீழே காத்திருந்தவர்கள் நாற்பது பேர். போர்த்திய சால்வையைத் திரும்பக் கேட்பதும், பந்தியில் வைத்த வடையைத் திரும்ப எடுப்பதும் எங்கள் ஊரில் ஒன்று. மேடையில் இருந்த அத்தனை பேரும் எங்கள் கடை வாடிக்கைக்காரர்கள். அவர்களை அவமானப்படுத்தினால் தைப்பொங்கல் பேனர் ஒன்றுகூட வராது. அந்த ஒரு நிமிடம் நான் நினைத்ததை இன்றும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். இருப்பதைப் பதினெட்டுப் பேருக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு அடுத்த வாரம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். முதல் வரிசையில் குழந்தை இருமியது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன்.

நிரலில் அடுத்ததாக நானே எழுதி வைத்திருந்தது, ‘பயனாளிகள் சார்பில் நன்றியுரை: செல்வி’. இரண்டு வரி சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் கூப்பிடுவதற்கு முன்பே அவள் குழந்தையோடு மேடை ஏறிவிட்டாள். மைக்கைப் பிடித்தாள். நான் பிடித்ததைவிடச் சரியாகப் பிடித்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். அக்கா ரெண்டு வரி சொல்லிக் குடுத்தாங்க, மறந்துட்டேன். ஏரிக்கர மேல பனி தாங்கல. கம்பளி குடுக்கறாங்கன்னு கூப்ட்டாங்க. எங்கியாவது மூட்டையா கெடக்கும், வரிசைல நின்னு வாங்கிக்கினு போலாம்னுதான் நெனச்சிக்கினு வந்தோம். நீங்கள்லாம் ஒங்க தோள்மேல போட்டு எட்தாந்துகிறீங்க. பெரியவங்க ஒடம்பு சூட்டோட குடுத்தா கொழந்தைங்களுக்கு நல்லதுன்னு சொல்வாங்க. நீங்க எறங்கி வரவேணாம். நாங்களே மேல வரோம்.”

சொல்லிவிட்டு நேராகத் தலைமை விருந்தினர் முன்னால் போய், குழந்தையை அணைத்துக்கொண்டு, தோளைக் காட்டி நின்றாள்.

தலைமை விருந்தினர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், ஒரு கணம் போட்டோகிராபரைப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, உதறி, அழகாக அவளுக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போர்த்தினார். கைதட்டல் கூரையைப் பிடுங்கியது. அவ்வளவுதான். தலைமையே போர்த்திவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவரும் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு, “இப்டி வாம்மா, இங்க வாம்மா” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, ஒருவர் விடாமல் போர்த்தினார்கள். மனசாரத்தான் போர்த்தினார்கள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அரிசி ஆலைக்காரர் போர்த்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஐம்பது மேடைகளில் வாங்கியே பழகியவருக்குக் கொடுத்துப் பார்க்க அன்றுதான் வாய்த்ததோ என்னவோ.

மேடையில் பொன்னாடை மட்டும் கிடைத்த ஏரிக்கரைக்காரர்களுக்கும், இன்னும் ஒன்றும் கிடைக்காதவர்களுக்கும் மூட்டையிலிருந்து கம்பளி எடுத்துக் கொடுத்தோம். பதினெட்டும் தீர்ந்தன. வரிசையும் தீர்ந்தது. கடைசியாக ஒரே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். செல்விதான். எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுத் தான் கடைசியில் நின்றிருக்கிறாள். மூட்டையைத் தலைகீழாக உதறினேன். ஒரு குரங்குக் குல்லாய் விழுந்தது.

நாற்பதில் ஒன்று எங்கே போயிற்று என்று வீட்டுக்காரர் யோசித்துச் சொன்னார். மண்டபக்காரர் தனக்குப் போர்த்தியதுமே, மாடு கன்று போடுகிறது என்று போன் வந்து, போர்த்திய கம்பளியோடு எழுந்து போய்விட்டாராம். ஆக மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் கம்பளி வாங்கிக் கொடுத்த புண்ணியவதிக்கு மட்டும் கம்பளி இல்லை. தலைமை விருந்தினர் கையால் போர்த்திய, ஊதினால் பறக்கிற ஜரிகைப் பொன்னாடைதான் இருந்தது.

“பரவால்லக்கா. பளபளன்னு நல்லாத்தான் இருக்குது” என்றாள். குழந்தை ஜரிகை நுனியைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் உன் கம்பளி வரும் என்று மறுபடியும் வாக்குக் கொடுத்தேன். (வாக்குக் கொடுப்பதில் எனக்கு ஈடு கிடையாது.)

அழுகை மண்டபக்காரர் வீடு போவதற்குள் கோபமாகிவிட்டது. இரண்டு மாடிவீடு வைத்திருப்பவருக்கு ஏழைக் குழந்தையின் கம்பளி கேட்கிறதா? வண்டியில் போகும்போதே வசனம் தயார் செய்துகொண்டேன். வீட்டுக்காரர் வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். (“நீ பேசு, நான் ஓட்டறேன்.”)

மண்டபக்காரர் கொட்டகையில், முழங்கைவரை ஈரத்தோடு, அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி கொடுத்தார். நான் குடிக்காமலே ஆரம்பித்தேன். உங்களுக்குப் போர்த்தியது பொன்னாடை இல்லை, ஏரிக்கரையில் பனியில் கிடக்கிற ஒரு கைக்குழந்தையின் கம்பளி, அதை எடுத்துக்கொண்டு வர உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று ஒரே மூச்சில் கேட்டேன். தெரியாமல் போர்த்தியது நாங்கள்தான் என்பது அந்த வேகத்தில் எனக்கு மறந்தேபோயிற்று.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நெளிந்தார். “அடடா, அது தெரியாதும்மா. எனக்கு எதுக்கு கம்பளின்னு, வர்றப்ப நம்ம மண்டபத்து கேட்டு வாட்ச்மேனுக்கு குடுத்துட்டு வந்துட்டேன். ராவெல்லாம் கேட்டாண்ட ஒக்காந்திருக்கிறவரு. வேணும்னா வாங்கித் தரட்டுமா?”

காபியை ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்தது. அது போதாது என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்டேனா, கன்றுக்குட்டிக்கு வாழ்த்துச் சொன்னேனா, என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பும் வழியில் மண்டப வாசலில் வாட்ச்மேன் பெரியவர் உச்சிவெயிலில் உட்கார்ந்திருந்தார். கம்பளியை மடித்து மடியில் வைத்து, கையால் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். “நீங்க வெச்ச விழாவுல குடுத்ததாமே. மொதலாளி சொன்னாரு. நல்லா இருக்கணும்மா நீங்க.” வாங்குவதற்காக நீட்டிய கையை அப்படியே மேலே தூக்கி அவருக்கு வணக்கம் வைத்தேன்.

இனி வீட்டில் இருக்கும் என் கம்பளியைத்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று வீட்டுக்குப் போனால், வீடு பூட்டிக்கிடந்தது. அம்மாவும் இல்லை. திறந்து உள்ளே போனால் அம்மா கட்டிலில் கம்பளியும் இல்லை. நான் முதன்முதலில் டிசைனராக வேலைக்குப் போன மாதம் அவருக்கு வாங்கிக் கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட கம்பளி அது. பத்து வருடத்தில் அவர் அதை யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இரண்டு நாள்தான் கொடுத்தார்.

என் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். காதுகுத்து பேனர் கட்டிய கூரைக்குக்கீழே, பச்சைக் கட்டத்துக்குள் குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. வெளியே கரைமேல் அம்மாவும் செல்வியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தோளில் ஜரிகைப் பொன்னாடை மினுமினுத்தது. சும்மா வாங்கமாட்டேன் என்று செல்வி அதைப் பதிலுக்கு அம்மாவுக்குப் போர்த்தியிருக்கிறாள்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ பேரு படிச்சி முடிக்கறதுக்குள்ள கொழந்த பெரிசாயிடும். அதான் நானே எட்தாந்துட்டேன்.”

நான் செல்வி பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் தெரிந்துதான் அப்படிப் பேசினாளா, தெரியாமலா என்று கேட்டேன். அவள் டீயை ஊதிக்கொண்டே சிரித்தாள். “தெரியாம இன்னாக்கா? கம்பளியில வேத்துக்கினு யாரு ஒக்காந்திருப்பாங்க?”

அதற்குப் பிறகு ஐந்து மார்கழி வந்து போய்விட்டது. நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. பிரமுகர்கள் ஏழைகளுக்குப் போர்த்தும் படம் ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றி, அந்தத் தைப்பொங்கலுக்கு எங்கள் கடையில் அந்தப் படத்தையே போட்டு இருபத்தோரு பேனர் அடித்தோம். அடுத்த கார்த்திகைக் கடைசியில் அரிசி ஆலைக்காரர் போன் செய்து, இந்த வருஷம் கம்பளி விழா எப்போது என்று கேட்டார். விழா இல்லை, பேனரும் இல்லை என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, சொந்தமாகக் கம்பளி வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டே நேரே ஏரிக்கரைக்கு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். இப்போது எங்கள் ஊரில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. மார்கழியில் தோளில் கம்பளியோடு ஒரு பெரிய மனிதர் வண்டியில் போனால், எங்கோ ஒரு வீட்டில் யாருக்கோ போர்த்தப்போகிறார் என்று அர்த்தம். போன வருடம் மண்டபக்காரர் இரண்டு போர்த்திக்கொண்டு போனார். செங்கல் சூளைக்கு ஒன்று, மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்து பஸ் கிடைக்காமல் நின்ற ஓர் அம்மாளுக்கு ஒன்று.

செல்விக்கு இப்போது கல்லு வீடு. அந்த இருபதடி விழா பேனர் அது கட்டி முடிக்கும்வரை அவளுக்குக் கூரையாக இருந்தது. முப்பத்திரண்டு முகமும் உள்பக்கம் பார்க்கிற மாதிரிதான் கட்டியிருந்தாள். குழந்தைக்குப் பேச்சு வந்ததும் ஒவ்வொருவராகக் கைகாட்டி ‘மாமா, மாமா’ என்று கூப்பிட்டதாம். அந்தக் குட்டி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இருமல் இல்லை. இதை எழுதும்போதுகூட அந்த வார்த்தைக்காக அத்தனை பேருக்கும் கைகூப்புகிறேன், என் வீட்டுக்காரர் உட்பட. பத்தாவது பொன்னாடையோடு அவர் நிறுத்தியிருந்தால், கம்பளி ஒருநாள் கொடுத்ததோடு முடிந்திருக்கும்.

வீட்டில் எனக்கு இன்றுவரை மன்னிப்பு இல்லை. குழம்பில் உப்பு கூடினாலும், பேனரில் யார் தலையாவது வெட்டுப்பட்டாலும், என் வீட்டுக்காரர் அமைதியாகச் சொல்லும் ஒரே பதில், “நீ படிச்ச, நான் போத்தனேன்.” நான் கடையில் யாருக்காவது பெயர்ப் பட்டியலைப் படித்துக் காட்டினால் அம்மா வளையம் அடிப்பதை நிறுத்திவிட்டு மூட்டை எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கிறார்.

அம்மாவுக்கு மறுவாரமே புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்தேன். அது கட்டிலில் மடித்தபடி இருக்கிறது. மார்கழி விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட அம்மா போர்த்திக்கொண்டு போவது அந்த ஜரிகைப் பொன்னாடையைத்தான். ஜரிகை கறுத்துவிட்டது. குளிர் தாங்குமா என்றால் தாங்குதே என்பார். தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள், எந்தச் சங்கத்துல போத்தினாங்க என்று கிண்டலாகக் கேட்பார்கள். பேனரில் ஒருநாளும் பெயர் வராத என் அம்மா, கோலப் புள்ளியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் பதில் சொல்வார்.

“செல்வி போத்தனா. பேரு படிக்காமலே.”